முகூர்த்தத்துக்கு எழும்பாத விரல்கள்

மணப்பெண்ணுக்குச் சேலை உடுத்திவிடுகிற தொழிலில் இருப்பவளுக்கு நித்திரையும் கிடையாது, கலியாணச் சாப்பாடும் கிடையாது. சனம் முழுக்கப் பந்தியில் இருக்கும்போது அவள் நிலத்தில் குந்தியிருந்து, விழுந்த ஊசி பொறுக்கிக்கொண்டிருப்பாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து, கலியாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்த நாளில் இருந்து இதுதான் என் பிழைப்பு. ராணி அக்கா என்றால் காலி வீதியின் இரண்டு பக்கத்து லேன்களிலும் தெரியும். கோயில் கலியாணம், சேர்ச் கலியாணம், நிக்காஹ் எல்லாவற்றுக்கும் போவேன். எந்தச் சமயத்து மணப்பொம்பிளை என்றாலும் சேலை இடுப்பில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலின் வேலையெல்லாம் விடியப்புறம்தான். எனக்கு வந்து வாய்த்த வருத்தமும் விடியப்புறம்தான் உச்சத்தில் நிற்கும். முடக்குவாதம். உடம்பு தன் சொந்த மூட்டுகளையே பிறத்தியார் என்று நினைத்து அடிக்கிற வருத்தம் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். நாலு மணிக்கு நான் எழும்பினால் என் விரல்கள் ஆறு மணிக்குத்தான் எழும்பும். உங்களில் யாருக்காவது இது இருந்தால் மேலே விளக்கத் தேவையில்லை. விடிந்ததும் பேஸ்ட் டியூபோடு மல்லுக்கட்டுகிற ஆள் நீங்களும்தான். இல்லாதவர்கள் இரண்டு கைக்கும் தடித்த கையுறை போட்டுக்கொண்டு ஒருநாள் ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள், பிறகு ஆறுதலாகக் கதைப்போம்.

பூட்டாத பின்

கொட்டாஞ்சேனையில் ஒரு சேர்ச் கலியாணம். வெள்ளைச் சேலை, தலையில் நெட், கையில் பூச்செண்டு. தோளில் முந்தானையை மடித்துப் பிடித்து சேஃப்டி பின்னைக் குத்தினேன். குத்தினது சரி, பூட்ட ஏலவில்லை. பெருவிரல் அமத்த மாட்டேன் என்று நிற்கிறது. பின் பழுதாக்கும் என்று எறிந்துவிட்டு இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படித்தான். கடைசியில் குனிந்து பல்லால் கடித்துப் பூட்டினேன். இவள் என்ன, பொம்பிளையின் தோளைக் கடிக்கிறாள் என்று பக்கத்தில் நின்ற தோழிப்பெண் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

அடுத்த நாள் பின் விற்ற கடைக்குப் போய் நல்லாச் சண்டை பிடித்தேன். பிறகு ஹோலில் ஏசி கூடிப்போச்சு என்றேன். உடுப்புத் தோய்க்கிற பவுடர் சரியில்லை என்றேன். கை சரியில்லை என்று மட்டும் சொல்லவில்லை. ஒருநாள் விடிய, தேத்தண்ணிக் கோப்பை கையில் நிற்காமல் மடியில் கொட்டின பிறகு, என் மனுசன் அன்ரன் வேறு கதை கதைக்காமல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், வருத்தத்தின் பெயரைச் சொன்னார்கள்.

வலிக்கு நான் அவ்வளவு பயப்படவில்லை. வேறொரு பயம்தான் நெஞ்சைப் பிடித்தது. ஒரு லேனில் இருமினால் அடுத்த லேனில் சுகம் விசாரிக்கிற இடம் வெள்ளவத்தை. "ராணிக்குக் கை ஏலாதாம்" என்று ஒரு வாய் சொன்னால் போதும், பிறகு எந்தத் தாய் தன் மகளின் கலியாண நாளை என் கையில் தருவாள்? ஒருத்தருக்கும் மூச்சு விடுவதில்லை என்று கிளினிக் வாங்குப் பலகையில் இருந்தபடியே முடிவெடுத்தேன். எடுத்த கையோடு, இது வயதுபோன ஆக்களுக்கு வாற வருத்தம் அல்லவா, நாற்பது தாண்டி இப்பத்தானே, பெயர் மாறிப் போச்சோ என்று தாதியோடு வாதாடினேன். அவர் வாங்கின் மற்றப் பக்கத்தைக் கண்ணால் காட்டினார். கம்பஸ் படிக்கிற, பை மாட்டின ஒரு பெட்டை, டை கட்டின ஒரு பெடியன், இரண்டு பேருக்கும் மணிக்கட்டில் கட்டு. தாதி சொன்னார்: "அக்கா, இந்த வருத்தம் ஐடென்டிட்டி கார்ட் கேட்டுப்போட்டு வாறதில்ல."

செவ்வாய்க்கிழமை விரதம்

எனக்குத் தந்த மாத்திரைகளில் பெரியது கிழமைக்கு ஒருநாள் மட்டும் போடுவது. அதே நாளில் போட வேண்டும், மறந்தும் இரண்டாம் நாள் போடக்கூடாது என்று டொக்டர் அம்மா இரண்டு மொழியிலும் சொன்னார். அவர் சிங்களவர், என் தமிழ்ப் பெயரை வடிவாக உச்சரிப்பார். போட்டுவிட்டால் எனக்கு வயிற்றைக் குமட்டும், உடம்பு ஈரச் சாக்கு மாதிரிக் கிடக்கும். எந்த நாள் வசதி என்று கேட்டார். வேலைக்குப் போகிற ஆக்கள் எல்லாரும் வெள்ளியோ சனியோதான் கேட்பார்களாம். எனக்கு அந்த இரண்டு நாளும்தான் பிழைப்பு. யோசித்துப் பார்த்தேன், எங்கள் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை ஒருத்தரும் கலியாணம் வைக்க மாட்டார்கள். செவ்வாய் என்றேன். காரணத்தைக் கேட்டுவிட்டு அந்த மனுசி கொப்பியை மூடி வைத்துச் சிரித்தார்.

அன்றிலிருந்து செவ்வாயில் நான் போன் எடுப்பதில்லை. ஏன் எடுப்பதில்லை என்று சொல்லவும் இல்லை. நான் வேதக்காரி, செவ்வாய் அந்தோனியார் நாள், ஆகவே முழுநாளும் கோயிலில் முழங்காலில் நிற்கிறேன் என்று சனம் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. சைவக்காரர் இன்னும் ஒருபடி மேலே போய், ராணி அக்கா செவ்வாய் விரதம் என்று தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். நான் என்னவென்றால் பிளைன் டீயும் கிறீம் கிறேக்கர் பிஸ்கட்டுமாகக் கட்டிலில் சுருண்டு கிடப்பேன். ஆனால் பொய் சொல்லக்கூடாது, சில மாதத்தில் விரல் வீக்கம் வற்றத் தொடங்கியபோது, அந்தக் கட்டிலில் கிடந்தபடியே அந்தோனியாருக்கும் அந்த டொக்டருக்கும் சேர்த்து நன்றி சொல்லியிருக்கிறேன். ஒரு புதன்கிழமை பம்பலப்பிட்டியில் இருந்து ஒரு பொம்பிளையின் தாய் போன் பண்ணினார். "நேற்றே எடுத்திருப்பன் பிள்ளை, நீர் கோயிலில எண்டு விட்டிட்டன். என்ர மகளின்ர பொருத்தத்துக்கும் ஒரு சொல்லுச் சொன்னீரோ?"

சுடுதண்ணி ரகசியம்

விறைத்த விரலுக்குச் சுடுதண்ணியைப் போல ஒரு சிநேகிதி இல்லை. பத்து நிமிசம் அமிழ்த்தி வைத்தால் ஒவ்வொன்றாகக் கதவு திறக்கும். வீட்டில் சரி, பொம்பிளை வீட்டில் என்ன செய்வது? ஒருநாள் தெகிவளையில் வேறு வழியில்லாமல் ஒரு பேசினில் சுடுதண்ணி கேட்டேன். எதுக்கு என்றார் தாய். "கையில சூடு இருந்தாத்தான் அன்ரி, பட்டு வழுக்காமல் நிக்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அந்தக் கதை எனக்கு முன்னமே வீடு வீடாகப் போய்விட்டது. நான் வாசலில் செருப்பைக் கழற்ற முன்னம் பேசின் வந்து நிற்கும். ஒரு வீட்டில் ரோசாப்பூ இதழ் போட்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் தேசிக்காய் வெட்டிப் போட்டு, பக்கத்தில் புதுத் துவாய் மடித்து வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கியூவில் நின்று எடுக்கிற வைத்தியத்தை எனக்குக் கதிரை போட்டுச் செய்தார்கள். நானும் இராசாத்தி மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். அந்தத் தாய்மாருக்கு இன்றைக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கொஞ்ச நாளில், என்னை மாதிரிப் பொம்பிளை உடுத்துகிற இன்னொரு ட்ரெஸ்ஸரும் இந்த முறையைத் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவவிடம் மூத்த மகளைக் கொடுத்துவிட்டு, இளைய மகளுக்கு என்னிடம் வந்த ஒரு தாய் முறையிட்டார்: "அவவும் உங்களை மாதிரித்தான் கையைச் சுடுதண்ணிக்குள்ள வைச்சுக்கொண்டு இருந்தவ. கை சிவந்ததுதான் மிச்சம், சாறி கேக் வெட்ட முன்னமே கழண்டு போச்சு."

சாவி

என் த்ரீவீல்காரர் நிஸ்தார் நானா. தெமட்டகொடைக்காரர். கலியாணம் எங்கே என்றாலும் என்னையும் என் பெட்டியையும் அவர்தான் ஏற்றி இறக்குவார். ஒருநாள் வத்தளையில் கலியாணம். அன்ரன் துறைமுகத்தில் இரவு வேலை, கப்பல் ஒன்று பிந்திப்போச்சு, வீட்டில் நான் தனி. விடியப்புறம் உடுத்திக்கொண்டு கதவடிக்கு வந்தால், பூட்டில் சாவியைத் திருப்ப ஏலவில்லை. துவாயைச் சுற்றித் திருப்பினேன். இரண்டு உள்ளங்கையாலும் நெரித்தேன். கீழே நானா ஹோர்ன் அடிக்கிறார். அங்கே வத்தளையில் ஒரு பிள்ளை பாவாடையோடு எனக்காகக் காத்திருக்கிறாள். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

கடைசியில் சாவியை ஒரு பையில் போட்டு, பையை ஷோலில் கட்டி பல்கனியால் இறக்கினேன். நானா மேலே வந்து கதவைத் திறந்தார். என் கையை ஒருதரம் பார்த்தார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பாதி வழியில் சிவப்பு லைட்டுக்கு நிற்கும்போது தன் தேத்தண்ணி ஃபிளாஸ்க்கின் மூடியில் சூடாக வார்த்துப் பின்னால் நீட்டினார். "குடிக்க இல்ல. புடிச்சிட்டு இரிங்க" என்றார். வத்தளை போகுமட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போய்ச் சேர விரல் மடங்கியது.

அடுத்த நாள் சாவியை வாங்கிக்கொண்டு போனார். அவருடைய மச்சானுக்கு ரயில் பாதையடியில் ஒரு வெல்டிங் கடை. திரும்பி வந்தபோது சாவியின் தலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி ஒட்டியிருந்தது, விரலே தேவையில்லை, உள்ளங்கையால் தள்ளினால் பூட்டு திறக்கும். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இந்த விசயத்தை ஒருத்தருக்கும் சொல்லவும் மாட்டேன் என்றார், சொல்லவும் இல்லை. சாவியைக் கையில் தந்துவிட்டு நானா சொன்னார்: "இனிக் கள்ளன் வந்தாலும் பயமில்ல தங்கச்சி. இந்தச் சாவியக் கொண்டுபோக அவனுக்கும் ஒரு த்ரீவீல் புடிக்கணும்."

மாட்ச் பார்க்கிற மனுசன்

முந்தானையையும் கொசுவத்தையும் முதல்நாளே மடித்து, அயன் பண்ணி, கிளிப் குத்திப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால் விடியப்புற வேலை பாதியாகக் குறையும். இப்போது எல்லா ட்ரெஸ்ஸர்மாரும் செய்கிறதுதான். ஆனால் எனக்கு அந்த முதல்நாள் மடிப்பும் பாரமாக வந்த காலம் ஒன்று இருந்தது. ஒரு பின்னேரம் மேசையில் ஒரு காஞ்சிபுரத்தைப் போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்ரன் வேலையால் வந்து, கைகழுவி, சேட்டுக் கையை மடித்துவிட்டு, "எப்பிடி எண்டு சொல்லு" என்றார்.

கப்பல் கொம்பனிக் கந்தோரில் சரக்குப் பத்திரம் பார்க்கிற மனுசன். கலியாணம் கட்டின நாளில் இருந்து தன் சாரத்தையே ஒழுங்காக மடித்து வைத்ததில்லை. ஆனால் மடிப்பு என்று தொடங்கின பிறகு ஆள் மாறிப்போய்விட்டார். அடிமட்டம் வைத்து அளந்தார். ஒரு மடிப்பு ஒரு நூல் கூடினால் முழுவதையும் குலைத்துவிட்டுத் திரும்பப் பிடித்தார். அயன் பெட்டியை என்னைத் தொடவிடவில்லை. புதுக்கடைக் கோர்ட்டில் வேலை செய்கிற ஒரு லோயர் மணப்பொம்பிளை அந்த மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, இதில் ஒரு பிழையும் பிடிக்க ஏலாது என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அந்தப் பாராட்டை வீட்டுக்கு வந்து அன்ரனிடம் சொன்னேன். காது சிவக்கச் சிரித்தார். இப்படி ஒரு மனுசனைத் தந்ததுக்குக் கடவுளுக்கு நான் என்ன கைமாறு செய்வேன் என்று அன்றைக்கு வாய்விட்டே சொன்னேன். அவருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கந்தோர் ஆக்கள் ஆரும் போன் எடுத்தால், நான் கிரிக்கெட் மாட்ச் பார்க்கிறன் எண்டு சொல்லு."

கூறை

முதல்நாளே மடித்து வைக்க ஏலாத சேலை ஒன்று உண்டு. சைவக் கலியாணங்களில் பொம்பிளை முதலில் ஒரு சேலையோடு மணவறைக்கு வருவாள். சடங்கு நடுவில் மாப்பிள்ளை கூறைச்சேலையைத் தட்டத்தில் வைத்துக் கொடுப்பார். அவள் அதை வாங்கிக்கொண்டு அறைக்கு ஓடிவந்து, மாற்றி உடுத்திக்கொண்டு போனால்தான் தாலி. கூறை மாப்பிள்ளை வீட்டில் இருந்து வருவது, ஐயர் கையால் பூசை பண்ணிக் கொடுக்கிற வரைக்கும் தொடக்கூடாது என்று சில குடும்பங்கள் கண்டிப்பாக நிற்கும். வெளியே மேளக்காரர் இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டிருப்பார், முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கட்டையாய் நிற்கிற புதுப் பட்டை மடிக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் ஒருத்தரையும் உள்ளே விடமாட்டேன். தாய், மாமி எல்லாரும் வெளியே. உள்ளே விட்டால் ஆளுக்கொரு புத்தி சொல்லிக் காரியத்தைக் கெடுப்பார்கள் என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம்.

அப்படிக் கண்டிப்பான ஒரு கலியாணத்துக்குச் சில நாள் முன்னம் எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் விடும் வரைக்கும் பெரிய மாத்திரையை நிற்பாட்டச் சொன்னார் டொக்டர். காய்ச்சல் விட்டது, வாதம் ஏறிவிட்டது. வேறு ஆளைப் பிடித்துக் கொடுத்திருக்கலாம், எனக்குத்தான் மனம் வரவில்லை. விடிய உடுத்தின சேலையை அன்ரனின் மடிப்பு காப்பாற்றியது. ஆனால் கூறையோடு பிள்ளை ஓடிவந்தபோது அந்த ஏசி அறையில் என் விரல்கள் மரக்கட்டை. பட்டைப் பிடித்தேன், நழுவியது. திரும்பப் பிடித்தேன், வலி தோள் வரைக்கும் ஏறியது. கதவில் தட்டுகிறார்கள், ஐயர் கேட்கிறாராம். பொம்பிளைப் பிள்ளை ரம்யா கண்ணாடியில் என்னைப் பார்க்கிறாள். இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்ததை அவளுக்குச் சொன்னேன். "பிள்ளை, எனக்குக் கை ஏலாமல் போச்சு. எனக்கு வாதம்." நான் போய் முழங்கையால் கைபிடியை அமத்திக் கதவைத் திறந்து, வெளியே நின்ற தாயையும் மாமியையும் உள்ளே கூப்பிட்டேன்.

"நான் சொல்லுறன், நீங்க பிடியுங்கோ" என்றேன். தாய் வந்து பட்டை எடுத்தார். வலப்பக்கத்தால் செருகுங்கோ, ஒரு சுற்று, இப்ப பெருவிரலுக்கும் சின்னிவிரலுக்கும் இடையில பிடியுங்கோ, அடுத்தது, அடுத்தது, விடாதேங்கோ. மாமி நிலத்தில் இருந்து கரையை இழுத்துக்கொடுத்தார். தாய் மடிப்பை வயிற்றில் செருகும்போது ரம்யாவுக்குக் கூச்சம் வந்து நெளிந்தாள். "சின்னனில பாவாடை கட்டிவிடேக்குள்ளயும் இப்பிடித்தான் நெளியிறவள்" என்று சொல்லிவிட்டு அந்தத் தாய் அழத் தொடங்கிவிட்டார். அழுதுகொண்டே அடுத்த மடிப்பைப் பிடித்தார். மடிப்புகள் ஒன்று பெரிசு, ஒன்று சின்னனாகத்தான் இருந்தன. என் தொழிலில் அப்படி ஒரு கொசுவத்தோடு நான் ஒரு பொம்பிளையையும் வெளியே விட்டதில்லை. மேளம் உச்சத்தில் ஏற, பிள்ளை ஓடிப்போய் மணவறையில் இருந்தாள். தாலி ஏறியது. அறையில் மாமியும் நானும் மட்டும். மாமி என் விரல் மூட்டுகளைக் குனிந்து வடிவாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "உமக்கு இப்பிடி எண்டு நீர் ஏன் எங்களுக்கு முதலே சொல்லேல்ல?"

மற்றப் பக்கத்தால் வந்த போன்

அந்த மாமி சும்மா மாமி இல்லை. ஒரு செத்தவீட்டுச் செய்தியைக்கூட அவவிடம் கேட்டுத்தான் உறுதிப்படுத்துவார்கள். சரி, முடிந்தது என்று வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தேன். அன்ரன் சுடுதண்ணிப் பேசினைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பின்னை என்ன, நான் பயந்த மாதிரியே நடந்தது. சுகம் விசாரித்து ஆறு ஏழு பேர் போன் எடுத்தார்கள். ஒருத்தர் முடவாட்டுக்கிழங்கு சூப் என்றார், ஒருத்தர் களுத்துறை வெதமாத்தயாவின் நாட்டுவைத்திய எண்ணெய் என்றார். டிசெம்பருக்குப் புக் பண்ணியிருந்த ஒரு தாய் மிகவும் மரியாதையாக, "நீங்க றெஸ்ற் எடுங்கோ அக்கா, நாங்கள் வேற ஆளைப் பார்க்கிறம்" என்று சொல்லிவிட்டார். நான் பரவாயில்லை என்றேன். போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். கை போனால் நான் யார் என்று அன்ரனைக் கேட்டேன். அந்த மனுசன் பேசினில் சுடுதண்ணியை மாற்றிக் கொண்டுவந்தார்.

டொக்டர் மருந்தைத் திரும்பத் தொடங்கி, கூட ஒன்றும் சேர்த்துத் தந்தார். வீக்கம் வற்றத் தொடங்கியது. போன் மட்டும் அடிக்கவில்லை. அப்படி இருக்க ஒரு வியாழக்கிழமை தெரியாத ஒரு நம்பர். கல்கிசையில் இருந்து ஒரு தாயாம். மகள் லண்டனில் படிக்கப்போய் அங்கேயே வேலை, கலியாணத்துக்குப் பத்து நாள் வருகிறாள், அடுத்த கிழமையே திரும்பப் போய்விடுவாள். ரம்யாவின் மாமி சொல்லித்தான் எடுக்கிறாவாம். முந்திக்கொண்டு நானே சொன்னேன்: "மாமி எல்லாம் சொல்லியிருப்பா. எனக்கு வாதம், சில நாளில கை மடங்காது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

மற்றப் பக்கத்தில் அந்த அம்மா கேட்டார். "அது தெரியும் பிள்ளை. அதுக்கு நான் எடுக்கேல்ல. தாயை உள்ள விட்டு, மடிப்பும் பிடிக்க விடுற ஆள் நீர்தானே?"

அதற்குப் பிறகு நான் என் வருத்தத்தை மறைப்பதில்லை. புக் பண்ண வருகிறவர்களிடம் முதல் அதைத்தான் சொல்வேன். கை நல்லாய் இருக்கிற நாளில் நானே உடுத்துகிறேன், அப்படியான நாட்கள்தான் இப்போது அதிகம். என்றாலும் ஒரு மடிப்பைத் தாய்க்கென்று விட்டுவைப்பேன். கை ஏலாத நாளில் கதிரையில் இருந்து சொல்வேன், அவர்கள் பிடிப்பார்கள். டிசெம்பருக்கு வேறு ஆளைப் பார்த்த தாய்கூட இரண்டாவது மகளுக்கு வந்திருக்கிறார். முன்னும் பின்னும் யோசித்துப் பார்த்தால், தாதி, டொக்டர், நிஸ்தார் நானா, அன்ரன், அந்த வாய்க்காரி மாமி, இவர்கள் எல்லாருக்கும் நான் எத்தனை செவ்வாய்க்கிழமை நன்றி சொன்னாலும் காணாது.

இப்போது எனக்கு இருக்கிற ஒரே கரைச்சல், அம்மா, மாமி, பெரியம்மா, சின்னம்மா என்று நாலு சோடிக் கை உள்ளே வந்து நிற்பதால், நாற்பது விரலை ஒரு கொசுவத்தில் இருந்து விலக்குவதிலேயே முகூர்த்தம் போய்விடுமோ என்பதுதான்.